பொட்டு வைத்த மிஷின்

மில் வேன் சந்துக்குள் திரும்பியபோதே ஒச்சம்மாளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. ஆட்டுக்கல்லில் ஊறிய அரிசியைப் போட்டுக் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். வேன் பக்கத்து வாசலில்தான் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சில மாதங்களாக அந்த வேனுக்கு இந்தத் தெருவில் வேறு வாசலே தெரிவதில்லை.

இரண்டு ஆட்கள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு கிரைண்டர் வந்தது. கூடவே இறங்கிய மில்லின் பர்சனல் ஆபீசர் முத்துக்கிருஷ்ணன், பொங்கலுக்காக முதலாளியின் தாயார் கொடுத்தனுப்பியது என்று அங்காளம்மாளிடம் சொன்னார். அங்காளம்மாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி நெடுநேரம் ஏதோ சொன்னார். கடைசியில் அவள் தலையை அசைத்தாள். ஒச்சம்மாள் அந்தத் தலையசைப்பைக் கவனித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. அவள் கண் கிரைண்டரை விட்டு நகரவில்லை.

அங்காளம்மாள் அண்ணன் பெண்டாட்டி, ஒச்சம்மாள் தம்பி பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர், ஒரே முற்றம். அண்ணன் நாச்சிமுத்துவும் தம்பி வீரனும் வேடசந்தூர் சாலையிலுள்ள நூல் மில்லில் வேலை பார்த்தார்கள். நாச்சிமுத்து பஞ்சைச் சீவும் கார்டிங் மிஷினை ஓட்டினான். வீரன் அதே பிரிவில் ஃபிட்டர். அந்த மிஷினுக்குள் பல் வைத்த பெரிய உருளை ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். அதன்மேல் ஓர் இரும்பு மூடி உண்டு. மூடி இருக்கும்வரை மிஷின் சாது.

அந்த மில்லுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று எல்லா மிஷின்களின் மூடியையும் கழற்றுவார்கள். முதலாளியின் தாயார், மில் முழுவதும் பெரியம்மா என்று அழைக்கும் மூதாட்டி, தன் கையாலேயே ஒவ்வோர் உருளைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பொட்டு வைத்த மிஷின் அம்மன் என்றும், அம்மன் முகத்தை மூன்று நாளைக்கு மூடக் கூடாது என்றும் அவர் சொல்லியிருந்தார். முகத்தை மூடாமல் மிஷினை நிறுத்தி வைத்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் மறுநாளே, விஜயதசமியன்று நல்ல நேரத்தில் மூடியில்லாமலே ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். உற்பத்தியும் நிற்கக் கூடாது, அம்மனும் கோபிக்கக் கூடாது. நடுவில் நின்றவன் நாச்சிமுத்து. போன விஜயதசமியன்று, மூடியில்லாத உருளை முதலில் அவன் சட்டைக் கையை இழுத்தது.

உடலை எடுத்துக்கொண்டு வண்டி திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மிஷினைக் கழுவி ஓட்டிவிட்டார்கள். இதை வீரனே பார்த்தான். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான்.

அதன் பிறகு மில்லுக்கு எங்கிருந்தோ கருணை பிறந்தது. அங்காளம்மாளுக்கு மில்லின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை கொடுத்தார்கள். அவள் மகள் தீபாவுக்குச் சைக்கிள் வந்தது. வீட்டுக்கு மின்சாரம் இழுத்துக் கொடுத்தார்கள். இப்போது கிரைண்டர்.

ஒச்சம்மாள் கெட்டவள் இல்லை. புருஷனாகட்டும் மூத்தாராகட்டும், அந்த வீட்டு ஆண்களுக்கு வஞ்சகம் இல்லாமல் சோறு போட்டவள். மூத்தார் செத்தபோது வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதாள். ஆனால் அழுது முடித்துப் பார்த்தால், தான் சிம்னி விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்க, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் டியூப்லைட் எரிந்தது. பொறாமை என்பது நல்லவர்களையும் தின்னும் வியாதி. ‘செத்தும் கொடுக்கிறான் அவ புருசன், இருந்தும் கொடுக்கலை எம்புருசன்’ என்று ஒருநாள் அவள் மனதுக்குள் தோன்றியது. தோன்றியதும் அவளே பயந்து போனாள். ஆனால் அடுத்த நாளும் அது தோன்றியது.

கிரைண்டருக்கு வீரன்தான் பிளக் மாட்டிக் கொடுத்தான். மாட்டிவிட்டு அண்ணி வீட்டில் நான்கு இட்லியும் தின்றுவிட்டு வந்தான். அன்று இரவு ஒச்சம்மாள் அவனுக்குச் சோறு போடவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, நாளை மறுநாள் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வீட்டுக்கே வருகிறார் என்றான்.

"மதினி என்ன சொன்னாலும் நீ குறுக்க பேசாத புள்ள. காரணம் எதும் எங்கிட்டக் கேக்காத."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எதற்காகத் தரையைப் பார்க்கிறான் என்று அவள் யோசிக்கவில்லை. அண்ணிக்குப் பரிந்து பேசுகிறான் என்பது மட்டும்தான் அவளுக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே முத்துக்கிருஷ்ணனும் வந்தார். முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள். தெருவே வேலியோரம் கூடிவிட்டது. உங்கள் கணவர் எப்படி இறந்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, அங்காளம்மாள் பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். அவர் அன்றைக்குக் குடித்திருந்தார் என்றாள். பஞ்சு சிக்கிக்கொண்டது என்று அவசரப்பட்டு, மிஷின் ஓடும்போதே தானாக மூடியைக் கழற்றிவிட்டார் என்றாள். மில்லின் மேல் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்றாள்.

நாச்சிமுத்து கள்ளைக்கூடத் தொடாதவன். அது அந்த வேலியோரம் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் அந்த மில்லில்தான் கஞ்சி குடித்தார்கள்.

ஒச்சம்மாள் பேசினாள். நியாயம் பொறுக்காமல் பேசினாள் என்று பின்னால் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. கிரைண்டர் பொறுக்காமல்தான் பேசினாள்.

"பொய் சொல்றா சார். கட்டுனவன குடிகாரன்னு சொல்லித்தான் இம்புட்டுச் சாமானும் வாங்கியிருக்கா. மூடியக் கழட்டுனது எங்க மூத்தார் இல்ல. எம்புருசன்தான் பூசைக்குக் கழட்டுனாரு. வருசா வருசம் அவருதான் கழட்டுவாரு. மூணு நாளைக்கு மாட்டக் கூடாதுன்னு மில்லுல உத்தரவு."

வீரன் கண்ணை மூடிக்கொண்டான். அங்காளம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முத்துக்கிருஷ்ணன் மட்டும் பதறவில்லை. அப்படி ஓர் உத்தரவை மில்லில் யாரும் போட்டதில்லை என்றார். துடைப்பதற்காக ஃபிட்டர் கழற்றியிருப்பான், மாட்ட மறந்திருப்பான், இந்த அம்மா சொன்னதால்தான் எங்களுக்கே இப்போது தெரிகிறது என்றார். உத்தரவு யார் வாயிலிருந்து வந்தது என்று இன்ஸ்பெக்டர் சுற்றிலும் கேட்டார். வேலியோரம் நின்ற கார்டிங் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு அவரைப் பார்த்து மற்றவர்களும் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த வாரமே வீரனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அண்ணன் சாவுக்குத் தம்பியே காரணம் என்று வழக்கும் வந்தது. அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க் கேரளா லாரிகளில் காய்கறி மூட்டை ஏற்றினான். எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும் மனைவியிடம் பேசுவதில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும்போதெல்லாம், தன்னைப் பார்த்துத்தான் அது சிரிக்கிறது என்று ஒச்சம்மாள் நினைத்தாள். ஒருநாள் காலை அங்காளம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய மாவோடு வாசலில் வந்து நின்றாள்.

"எம்புருசன் வேல போனதுல ஒனக்குக் குளுந்துச்சாக்கா?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

அங்காளம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. அப்போதுதான், முத்துக்கிருஷ்ணன் தாழ்ந்த குரலில் தன்னிடம் சொன்னது என்னவென்று அவள் சொன்னாள். விசாரணை என்று வந்தால் யாராவது ஒருவன் தப்பு செய்திருக்க வேண்டும். மூடியை ஒன்று உன் புருஷன் கழற்றினான், இல்லையென்றால் உன் கொழுந்தன் கழற்றினான். மில் கழற்றியது என்று சொல்ல முடியாது, மில்லுக்குக் கையில்லை. செத்தவன்மேல் போடுகிறாயா, இருப்பவன்மேல் போடுகிறாயா, நீயே சொல். இதுதான் அவர் கேட்டது.

"செத்தவருக்கு இனி என்ன ஆகப் போகுதுன்னு நெனச்சேன் ஒச்சு. குடிகாரன்னு சொல்றப்ப நாக்கு வெந்துச்சு. வீரன் தம்பிக்கும் தெரியும். அண்ணன் மானத்த வித்துத் தப்பிக்கிறமேன்னு அதுக்கு ஒங்கிட்டச் சொல்ல வெக்கம்."

தன் வீட்டு விளக்கு அணையாமல் இருக்கத்தான் அங்காளம்மாள் அவள் புருஷன் பேரில் சேற்றைப் பூசினாள் என்பது ஒச்சம்மாளுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

"என்னய நல்லவன்னு நெனச்சுப்புடாத," என்றாள் அங்காளம்மாள். "நீ என் கெரைண்டரப் பாத்து எரிஞ்ச. நான் ஒன் வாசல்ல கெடக்குற ஆம்பளச் செருப்பப் பாத்து எரிஞ்சேன். ராத்திரி ஒம்புருசன் இருமுனா எனக்கு ஒறக்கம் வராது. அந்தச் செருப்பத் தூக்கிக் கெணத்துல போட்ருவமான்னு ஒருநா எந்திரிச்சே வந்துட்டேன்."

இருவரும் அன்று அழுதார்கள். ஒருத்தியின் பொறாமையும் இன்னொருத்தியின் பொறாமையும் ஒரே மில் வாசலிலிருந்து வந்தவை என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறும்வரை அந்த மாவு வாளி அங்கேயே கிடந்து புளித்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. நிலக்கோட்டையிலிருந்து வேனில் மல்லிகையும் சம்பங்கியும் வந்து இறங்கின. அன்று ஒருநாள் தொழிலாளர் குடும்பங்கள் மில்லுக்குள் போய்ப் பார்க்கலாம். அதிகாரிகளையும் அழைத்து மாலை போட்டுப் பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அங்காளம்மாளிடம் மட்டும், காப்பகத்தை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். பொட்டு வைக்கும் நேரத்தில் பொட்டில்லாதவள் எதிரே வரக் கூடாது.

காப்பகத்து ஜன்னல் வழியே பார்த்தபோது, ஒரு புதிய ஃபிட்டர் மூடிகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காதவன். நாச்சிமுத்து நின்ற இடத்தில் இன்னொருவன் நின்றான். அங்காளம்மாள் வெளியே வந்தாள். தெருக்காரர்களோடு கூட்டத்தில் உள்ளே வந்திருந்த ஒச்சம்மாளைத் தேடிப் பிடித்துக் கையைத் தொட்டாள்.

"மூடிய மாட்டணும் ஒச்சு. ஒருத்தியால தூக்க ஏலாது."

ஒச்சம்மாள் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை அருகிலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவளோடு நடந்தாள்.

கார்டிங் பிரிவில் பெரியம்மா அப்போதுதான் பொட்டு வைத்து முடித்திருந்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற விருந்தாளிகளில் போன பொங்கலுக்கு விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரும் இருந்தார். அவர்கள் எல்லார் கண்முன்னும் இரண்டு பெண்களும் சுவரோரம் கிடந்த மூடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கனம் இடுப்பை ஒடித்தது. ஈரக் குங்குமத்தின்மேல் அதை வைத்து அழுத்தினார்கள். வீரன் வருஷக்கணக்காக மாட்டிய மூடி, சரியாகப் போய் உட்கார்ந்தது.

பெரியம்மா குங்குமக் கிண்ணத்தோடு அவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"தாலியறுத்தவள யாரு உள்ள விட்டது? எடு அத. மூணு நாளைக்கு அம்மன் முகத்த மூடக் கூடாதுன்னு நான் சொல்லித்தான வருசா வருசம் கழட்டுறாங்க."

முத்துக்கிருஷ்ணன் அவசரமாகக் குறுக்கே வந்தார். பெரியம்மா அவரைக் கையால் விலக்கினார். இன்ஸ்பெக்டர் பொரித் தட்டைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லித்தான் கழட்டுறாங்களாம்மா? போன வருசமும்?"

"பின்ன? எங்க மில்லுல நான் சொல்லாம வேற எவன் சொல்லுவான்?"

அந்தம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். அவருக்கு அது தப்பு என்றே தெரியாது. அதனால்தான் அதுவரை யாரையும் அவரிடம் கேட்கவே விடவில்லை. இந்த முறை சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. சுற்றிலும் ஊர் நின்றது.

அன்று மாலையே அங்காளம்மாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு வீரனை விட்டு நகர்ந்து மில் ஆபீசுக்குள் நுழைந்தது. அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வீரன் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து நெடுநாளைக்குப் பிறகு மனைவி கையால் சோறு வாங்கித் தின்றான். அங்காளம்மாளும் தீபாவும் அதே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மில் வாசலில் கேட்டுவந்த செய்தியை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். விதவை கைபட்ட மிஷின் என்று, விஜயதசமியன்று அதை ஓட்டவில்லையாம். தண்ணீர் தெளித்து, ஹோமம் வளர்த்து, நாள் முழுவதும் நிறுத்திவைத்துத் தீட்டுக் கழித்தார்களாம்.

"அவரு செத்தன்னிக்கு நிக்காத மிஷினு," என்றாள் அங்காளம்மாள். "நான் தொட்டதுக்காச்சும் நின்னுச்சே."