மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்

ரம்யாவும் அவள் கணவன் அஜித்நாதனும் கணினி விளையாட்டில் ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஓசூரில் வேலை. ஞாயிறுகளில் அங்கிருந்து கட்டுவான். செஞ்சியில் அவள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட்டு உட்காருவாள். ஒருவர் சேமித்தது கிளவுடுக்குப் போய் மற்றவருக்கு இறங்கும். இரண்டு மாதமாக அந்த ஊரின் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

மூன்று வாரம் முன்பு சாலையோரம் பள்ளம் தோண்டியவர்கள் நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். நெட் வரும்வரை அவன் ஓசூரில் கை வைக்கவில்லை; ரம்யா தனியாகக் கட்டினாள். தொட்டியை இடம் மாற்றி, குழாயைப் பிரித்து, ஒருவழியாகத் தண்ணீரை ஏற்றினாள். முப்பத்திரண்டு வீடு. அவனிடம் சொல்லவில்லை. அவனே பார்க்கட்டும். தினமும் பென் டிரைவிலும் நகல் எடுத்தாள். அவன் செய்துவைத்த ஏற்பாடு அது. ஒரு பட்டனை அமுக்கினால் பழையதன் மேல் புதியது ஏறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட் வந்தது. ஐம்பத்திரண்டு விடைத்தாள் திருத்திய கண்ணோடு உட்கார்ந்தாள். கிளவுடில் ஒன்று, கணினியில் ஒன்று, எது வேண்டும் என்று திரை கேட்டது. கிளவுடில் இருந்ததற்குப் போன மாதத் தேதி. கணினியில் இருந்ததற்கு 2010, ஜனவரி 1. தேதி புதியதாக இருந்த கிளவுடை அமுக்கினாள்.

கணினியில் இருந்ததன் மேல் அது ஏறி, ஊர் திறந்தது. மேட்டுத் தெரு காய்ந்து கிடந்தது.

அப்புறம்தான் உறைத்தது. கரண்ட் போய் வந்தால் இந்தப் பழைய கணினியின் தேதி 2010க்குப் போய்விடும். நெட் இருந்தால் தானே சரியாகும். மூன்று வாரமாக நெட் இல்லை. பென் டிரைவைச் செருகினாள். அதிலும் போன மாதத்து ஊர்தான். 2010 என்றிருந்த கோப்பைப் பழையதென்று அது ஒருநாளும் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஊரைத் திறந்து பார்த்த அவனிடமிருந்து போன் வந்தது.

"இன்னா ரம்யா, மூணு வாரமா ஒரு செங்கல்லுகூட வைக்கலியா?"

தேதியிலிருந்து தொடங்க வேண்டும். கரண்ட், கேபிள், அவன் பட்டன். அவன் குரல் சுருங்கிப்போகும். பிறகு அவனைத் தேற்ற வேண்டியதும் அவள்தான்.

"டைம் இல்லீங்க."

"டீச்சரம்மா லீவு எடுத்துட்டாங்களா? சரி வுடு, மேட்டுத் தெருவ நானே பாத்துக்கறேன். அது உன்னால ஆவாது."

"தொட்டிய கோயிலுக்குப் பின்னாடி வச்சிப் பாருங்க."

"அங்க வச்சா எப்படி ஏறும்? சும்மா இரு."

அடுத்த கட்டு விடைத்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வச்சித்தான் பாருங்களேன்."