கதவுநிலையில் ஏழாம் கோடு

இலையுதிர் காலத்து இளவெயில் ஒகையோ ஆற்றின் மேல் உருகிய பொன்னெனப் படர்ந்து கிடக்க, மேப்பிள் மரங்கள் செந்நிற இலைகளைத் தெருவெங்கும் சிந்தி நிற்க, அச்சிற்றூரின் மேட்டில் ஓங்கி நின்றது, உப்பும் கம்பளியும் விற்றுச் செல்வம் குவித்த கிராண்டல் என்னும் வணிகனின் வெண்மாளிகை. அவன் மறைந்தபின் நெடுங்காலம் செங்கற்சூளைத் தொழிலாளர் ஒண்டிக்கிடந்த விடுதியாய் இருந்த அதனை, ஊரார் பழமை காக்கும் மன்றம் வாங்கி, வணிகன் காலத்துக்குப் பிந்திய ஓர் ஆணிகூட எஞ்சலாகாது எனத் துணிந்து புதுக்கிக்கொண்டிருந்தது.

அம்மாளிகையின் சமையலறைக் கதவுநிலை முன், கையில் சுரண்டுதகட்டுடன் நின்றார் வண்ணம் பூசும் முதியவர் ஆர்வில். விடுதி நாள்களில் அங்கே தொழிலாளரின் அழுக்குத்துணி வெளுத்த அவருடைய தாய், பிறந்தநாள்தோறும் தன் மைந்தர் இருவரையும் அந்நிலையில் சாய்த்து நிறுத்தி, கரிக்கோலால் உயரம் குறித்திருந்தாள். ஆர்விலின் கோடுகள் மேலே ஏறிச் சென்றன. தம்பி லைலின் கோடுகள் ஏழோடு நின்றன. ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து அவனை விழுங்கிய ஆண்டு அது. அவனுக்கு நிழற்படம் ஒன்றும் இல்லை. இவ்வளவு உயரம் ஒரு பிள்ளை நின்றான் என்பதற்கு அக்கோடு ஒன்றே சான்று.

காலையிலேயே மன்றத் தலைவி விட்கம் அம்மையாரிடம், அக்கோடுகளை விட்டுவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்திருந்தார். அம்மையார் கல்நெஞ்சர் அல்லர்; ஆயினும் ஒன்றை விட்டால் நாளை ஒவ்வொருவரும் ஒன்றோடு வந்து நிற்பர் என்றார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா உங்க கூட வேலை பார்க்குற டேலை அனுப்புறேன், ஆர்வில்."

"அவன் சுரண்டுற லட்சணம் எனக்குத் தெரியும்மா. மரத்தையே தின்னுடுவான். நானே பண்றேன்."

தம் கோடுகளை விரைந்து அழித்தார். தம்பியின் மற்றக் கோடுகளும் போனபின், ஏழாம் கோட்டின் முன் கை தாழ்ந்தது. திரும்பி, சிறுவனைப் போல் முதுகை நிலையில் ஒட்டி நின்று பார்த்தார். கோடு அவர் சட்டையின் நான்காம் பொத்தானுக்கு நேரே இருந்தது. பின்னர், உறங்கும் பிள்ளையின் முகம் துடைப்பாரைப் போல், மெல்லச் சுரண்டினார். அடியில் வெறும் மரம்தான் இருந்தது.

வேனிலில் மாளிகையைத் திறந்தார்கள். கூட்டத்தின் பின்னே நின்றார் ஆர்வில். வழிகாட்டும் பெண் சமையலறையைக் காட்டிச் சொன்னாள்: "கிராண்டலுக்குப் பிள்ளைங்க கிடையாதுங்க. இந்த வீட்டுல ஒரு குழந்தைகூட வளர்ந்ததில்ல."

ஆர்விலின் கை நான்காம் பொத்தானைத் தேடிச் சென்று அங்கேயே தங்கிற்று. பொருள் சேர்த்தவன் பெயர் வாயிலில் பொறிக்கப்பட்டிருந்தது. துணி வெளுத்தவள் இளைய மகனோ, உலகில் வேறெங்கும் இடமின்றி, ஒரு கிழவரின் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டிருந்தான், அவர் நிற்கும் நாள் வரைக்கும்.