மெர்டேக்கா மரவள்ளி

1

இந்தக் கதை மண்ணில் முளைத்தது என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். முளைத்தது வெட்கத்தில். இதில் வரும் சேதுபதி நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பேனா கூசுகிறது. ‘அவர்’ என்றால் கொஞ்சம் ஓடுகிறது.

2

தொடக்கம் ஒன்று: “1957. நாடெங்கும் சுதந்திரக் காற்று…” (வேண்டாம். நாட்டை இதில் இழுப்பானேன்.)

தொடக்கம் இரண்டு: சுதந்திரம் வந்த வாரம், காஜா பெராங்கில் சேதுபதி வீட்டுக் கொல்லையில் மரவள்ளிச் செடிகளின் நுனியெல்லாம் துடைப்பம் கட்டியதுபோல் குட்டித் தளிர்களாக வெடித்தன. இதென்ன என்று பக்கத்து வீட்டு உமர் கேட்டார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் சேதுபதிக்குக் கிடையாது. மெர்டேக்கா மரவள்ளி என்றார், அதாவது சுதந்திர மரவள்ளி. உஜோங் பாசிர் கரையில் ஒதுங்கிய கப்பலில் வந்ததாம். தண்டுக்கு ஒரு மூட்டைக் கிழங்காம். மூன்றாம் நாள் கேட்டவர்களுக்குச் செடி குறட்டையும் விட்டது.

(இலையே இத்தனை என்றால் கிழங்கு எத்தனை என்று அவரும் நம்பினார். இந்த வரி அவருக்காக வாதாடுகிறது. இருக்கட்டும், வேறு யாரும் வரப்போவதில்லை.)

தண்டை ஒடித்து ஊன்றினால் மரவள்ளி வந்துவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தார். பின்வேலிக்கு அந்தப் பக்கம் ருக்மணி. புருஷன் போனபின் கிழங்கு அவித்துத் தெங்கேரா கடைத்தெருவில் விற்று இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். தன் நல்ல செடிகளைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டு, கொல்லை முழுக்க சேதுபதியின் தண்டை ஊன்றினாள்.

3

பத்து மாதம் கழித்துத் தோண்டினாள். எலிவால் கனத்தில் வேர்.

விவசாய இலாகாவில் வேலை பார்த்த யூனுஸ் வந்து சேதுபதியின் செடிகளைப் பார்த்தார். இது நோய், ஊன்றும் தண்டு வழியாகவே பரவும், எல்லாவற்றையும் பிடுங்கி எரியுங்கள் என்றார்.*

அன்று மாலையே சேதுபதி உண்மையைச் சொல்லத்தான் வேலியோரம் போனார். ருக்மணி முந்திக்கொண்டாள்.

“உங்கள குத்தம் சொல்ல முடியுமாண்ணே? என் கைராசி அப்படி.”

சேதுபதி வாயைத் திறந்தார். வந்தது இது:

“கைராசி இல்ல தங்கச்சி. உன் மண்ணுல உப்பு.”

[இந்த வரியை நாலு தடவை அடித்தேன். அடித்தால் கதையே இல்லை.]

ருக்மணி ஒரு மாதம் புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் சாக்குச் சாக்காக மண் கொண்டுவந்தாள். பெண்கள் பின்னால் தள்ளினார்கள். வழியில் பார்த்தபோது, உப்பைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி சொன்னாள்.

சேதுபதி செடிகளை எரிக்கவில்லை. எரித்தால் ஏன் என்று உமர் கேட்பார்.

* தத்துப்பூச்சியும் பரப்பும் நுண்ணுயிர். ஃபைட்டோபிளாஸ்மா என்ற பெயரெல்லாம் பல வருஷம் கழித்து வந்தது. பெயர் தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

4

ஈரச் சாக்கோடு வேலிக்கு வந்தாள்.

“மண்ண மாத்திட்டேண்ணே. அதே தண்டுல நாப்பது வெட்டிக் கொடுங்க. இந்தத் தடவையும் விளையலன்னா புள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து நிறுத்திட வேண்டியதுதான்.”

முடிவு அ: சேதுபதி உண்மையைச் சொல்கிறார். அவள் திட்டுகிறாள். செடிகள் எரிகின்றன. (எழுதிப் பார்த்தேன். நான் விட்ட புளுகிலேயே பெரியது இதுதான். குறட்டை விட்ட செடி தேவலாம்.)

முடிவு ஆ: சேதுபதி பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு செடிகளை நோக்கி…

இதற்கு மேல் எழுத மாட்டேன். அவளைச் சாக்கோடு வேலியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். என்னையே நம்பியவள், உங்களை நம்பாமலா போவாள்.