மஞ்சள் பால்

இப்போதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று பள்ளிக்கூடத்துக்கு வரைமுறையே இல்லை என்று கிழவர் சொசாயா முணுமுணுத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அவருடைய பேரன் மிதக்கத் தொடங்கினான். மூத்த மகள் ஆனே பெற்ற பிள்ளை. பிறந்த மறுநாள் பாயை விட்டு எழும்பி உத்திரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஹாபாய்த் தீவுகளில் காற்று அதிகம் என்பதால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. மரப்பட்டைத் துணியைக் கிழித்துக் காலில் கட்டினார்கள். பிள்ளையின் தகப்பன் பழம் பறிக்க நியூசிலாந்து போயிருந்தான். ஆகவே ஆனேயின் தம்பி மாகாதான் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். வேறு நாளாக இருந்தால் அக்காளின் பேறு அறைக்குள் அவன் கால் வைத்திருக்க மாட்டான்.

பிள்ளை லேசாகிக்கொண்டே போனது. சர்க்கரைத் தண்ணீரும் இளநீரும்தான் அதற்கு ஆகாரம். முதலில் ஊறும் மஞ்சள் பால் உள்ளே கிடந்து கெட்டது, பீய்ச்சிக் கொட்டிவிட்டு வெள்ளைப் பாலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொசாயா சொல்லியிருந்தார். செத்துப்போன அவர் மனைவி அப்படித்தான் ஈரப்பலா மரத்தடியில் கொட்டினாள். மரம் இன்றும் நன்றாகக் காய்க்கிறது.

இளைய மகள் லூபே பள்ளியில் வேறு மாதிரி படித்திருந்தாள். அந்தப் பாடத்துக்கே பையன்களைப் பந்து விளையாட அனுப்பிவிட்டுத்தான் டீச்சர் வாயைத் திறந்தாள். அந்தத் தீவு வழக்கப்படி, அக்காள் தங்கை இருக்கும் இடத்தில் கூடப் பிறந்தவன் காதில் விழும்படி முலை, பால் என்று ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் அவன் எழுந்து போயாக வேண்டும். மாகா எழுந்தால் பிள்ளை ஜன்னல் வழியே கடலுக்குப் போய்விடும். ஆகவே எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மேலேயிருந்து வந்த அழுகை பூனைக்குட்டிச் சத்தமாக மெலிந்தபோது, லூபே எழுந்து துணியை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே, பன்னிக்குத் தீனி வச்சிட்டு வாயேன்."

"இப்பத்தானே வச்சேன்."

"இன்னொரு தரம் வை. அதுங்க வேண்டாம்னா சொல்லப் போவுது?"

மாகா காது சிவக்க வெளியேறினான். லூபேயின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. அப்படியே நின்றபடி சொன்னாள்.

"அக்கா, அந்த மஞ்சப் பாலு கெட்டது இல்ல. புள்ளைக்கு அதுதான் முதல் சோறு. குடு."

சொசாயா சுவரைப் பார்த்துக்கொண்டார். "உனக்கு என்னடி தெரியும், நீ பெத்தியா?"

"நீங்க பெத்தீங்களாப்பா?"

ஆனே சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே துணியை இழுத்துப் பிள்ளையை இறக்கி மார்போடு சேர்த்தாள். முதல் மடக்கிலேயே லூபேயின் குதிகால் தரைக்கு வந்துவிட்டது. கோயில் மணி அடிப்பதற்குள் பிள்ளை கிடந்த இடத்தில் பாய் பள்ளமாகியிருந்தது. ஆனே பிள்ளை பெற்ற பிறகு அன்றுதான் தூங்கினாள். முடிச்சை அவிழ்க்கலாம் என்று சொசாயாவே சொன்னார்.

"காத்து அடங்கிருச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பறந்துவிடாமல் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாக வளைந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே கிழங்குத் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.