இரண்டேகால் அடி மேடை

திண்டிவனத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சமையலறை என்றால் சில சட்டங்கள் உண்டு. அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும், சமைப்பவள் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும், மேடை இடுப்பளவு இருக்க வேண்டும். யார் எழுதி வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மீறிப் பாருங்கள், தெருவே திரண்டு வந்து புத்தி சொல்லும்.

லோடு ஆட்டோ ஓட்டும் தென்னரசு அத்தனையையும் மீறினான். மாடியில் மல்லாட்டைக் கடலை காயப்போட ஏறிய அவன் மனைவி மலர்விழி கால் தவறி விழுந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதுகெலும்பில் அடி. இனி நடக்க மாட்டாள், சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் அவனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தை பிறந்தால் எழுந்து நடந்துவிடுவாய் என்று சொல்லி வைத்தான். பாவி மகள் அப்படியே நம்பிவிட்டாள். பொங்கலுக்கு நானே வாசலில் கோலம் போடுவேன் என்று பக்கத்துக் கட்டில்காரியிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சமையலறைதான் உயிர். அதையாவது காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவன் துடித்தான். கொத்தனார் சவுரிராயனை அழைத்து, மேடையை இடித்து இரண்டேகால் அடியில் கட்டச் சொன்னான். அடியில் நாற்காலி நுழைய வெற்றிடம், அடுப்பு மேற்கே தெருவைப் பார்த்து. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூத்தைக் கட்டியதில்லை என்று முனகிய கொத்தனார் கடைசியில் ஒன்று கேட்டார்.

“தையில நடந்துருவாங்கன்னு சொல்றியேப்பா. அப்புறம் இன்னாத்துக்கு மேடைய எறக்குற?”

தென்னரசு காதில் விழாதவன் போல மணல் சலிக்கப் போனான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்வது. வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தான். எட்டியது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே அவளை நேராகச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். நாற்காலி மேடைக்கடியில் பாந்தமாக நுழைந்தது. மலர்விழி கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“நான் நின்னா இது தொடை வரைக்குந்தான் வரும், இல்லீங்க?”

அவன் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டான்.

“டாக்டரு எப்போ சொன்னாரு?”

“ஆஸ்பத்திரில சேத்த வாரத்துலயே.”

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அதன்பிறகு சமையலறைப் பக்கம் வரவே இல்லை.

தை பிறந்தது. தென்னரசுதான் பொங்கினான், அந்தத் தாழ்ந்த மேடையில் இடுப்பு ஒடியக் குனிந்து. கரும்பு கொடுக்க வந்த சவுரிராயன் பார்த்துவிட்டு, மேடையைப் பழையபடி உயர்த்திக் கட்டித் தருகிறேன், கூலிகூட வேண்டாம் என்றார்.

உள்ளே கட்டிலில் இருந்து மலர்விழியின் குரல் வந்தது.

“ஒசத்திக் கட்டச் சொல்லுங்க. அங்க நான் வரப்போறதில்ல.”

“இருக்கட்டும் அண்ணே,” என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, தென்னரசு மறுபடியும் குனிந்து அரிசியைக் கிளறினான்.