ஓர் இழைகூட அறாமல்

என்னைப் பெண் பார்க்க யார் வந்தாலும், சிக்கலாகிக் கிடக்கும் ஒரு பட்டு நூல் சிட்டத்தை அப்பா அவன் மடியில் வைத்துவிடுவார். ஓர் இழைகூட அறாமல் அவன் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

"பொறுமை இல்லாதவனுக்குத் தறியும் குடுக்க மாட்டேன், பொண்ணும் குடுக்க மாட்டேன்" என்பார். பிள்ளையார்பாளையம் முழுக்க இந்தக் கூத்து தெரியும். முதல் நாளே உட்கார்ந்து அந்தச் சிக்கலைப் போட்டு வைப்பதும் நான்தான். அறுபத்தொன்பதில் எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் ஒன்பது பேர் தோற்றுப் போயிருந்தார்கள்.

அவர்களில் ஏழாமவன் பாதி பிரித்ததும் தலை நிமிர்ந்து, "நீங்க சிரிக்கவே மாட்டீங்களா?" என்று என்னைக் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். அவன் கையில் இழை அறுந்தது. அப்பா வாசலைக் காட்டினார்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே தளர்த்தியாகச் சிக்கல் போட்டேன். அப்பா கண்டுபிடித்து, தானே இறுக்கினார்.

பத்தாவதாக ஐயம்பேட்டையிலிருந்து வைத்தியலிங்கம் வந்தார். காலையில் குனிந்தவர் குனிந்தவர்தான். நான் வைத்த காபியில் ஆடை படிந்தது. தூணோடு தூணாக நின்று எனக்குக் கால் மரத்துவிட்டது. உச்சிக்காலப் பூஜை மணி கேட்டும் அவர் நிமிரவில்லை. மூன்று மணிக்குச் சிட்டம் முழுவதும் பிரிந்திருந்தது. ஓர் இழைகூட அறவில்லை.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணப் பாத்தியாப்பா? புடிச்சிருக்குதா?"

வைத்தியலிங்கம் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல நூலுங்க" என்றார்.

அப்பா பஞ்சாங்கத்தை எடுக்க உள்ளே ஓடினார்.