சொந்த உபயோகம்

தடால்! மாட்டு வண்டியிலிருந்து கட்டில் இறங்கிய சத்தத்தில் பாலக்கரைத் தெருவே விழித்துக்கொண்டது. விடிவதற்குள் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த தேக்குக் கட்டில். பின்னாலேயே மெத்தை, கூஜா, பெருமாள் படம், கொடியில் போட நாலு வேட்டி. கடைசியாக வீட்டுச் சொந்தக்காரர் ரெங்கராஜ்.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்று ஹாஜிரா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் முன்புவரை, ஒன்பது வருஷம் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவள் அவள். "எனக்கே குடியிருக்க வேண்டும்" என்று வழக்குப் போட்டு ரெங்கராஜ் காலி செய்ய வைத்தார். ஸ்ரீரங்கத்தில் மாடிவீடு இருக்கிறதே என்று ஹாஜிரா கேட்டபோது, "அது வேறு முனிசிபாலிட்டி. திருச்சியில் என் கட்சிக்காரருக்குத் தலைசாய்க்க இடமில்லை" என்று அவருடைய வக்கீல் கண்கலங்கினார். அதற்கும் பீஸ் உண்டு. அந்த வீட்டைக் குடோனுக்குக் கேட்டு மணப்பாறை அரிசி வியாபாரி ஒருவர் காத்திருந்தது மட்டும் வழக்கில் வரவே இல்லை.

ஆனால் அறுபதாம் வருஷத்து வாடகைச் சட்டம் ஒரு கொக்கி வைத்திருந்தது. சொந்த உபயோகம் என்று சொல்லி வீட்டைக் காலி செய்ய வைத்தவர் ஒரு மாதத்துக்குள் குடிவர வேண்டும். ஆறு மாதமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் காலி செய்தவரே திரும்பக் கேட்கலாம். ஹாஜிரா கேட்டுவிட்டாள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் புருஷனும் மூன்று பிள்ளைகளுமாக எதிர்வீட்டு நாத்தனார் சுராயாவின் ஒரே அறையில் எத்தனை நாள் முடங்கிக் கிடப்பது? ரெங்கராஜ் குடியிருக்கிறாரா என்று இன்று பத்து மணிக்கு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். அதனால்தான் கட்டில்.

"வெக்கங்கெட்ட மனுஷன்! இன்னிக்குத்தான் கொண்டாந்து போட்டாருன்னு நான் சொல்றேன் மச்சி," என்று குதித்தாள் சுராயா.

"நாத்தனார் சாட்சியான்னு அவரு வக்கீல் சிரிப்பாரு. சும்மா இரு. கட்டிலை எங்க போட்டாருன்னு பார்த்தியா?"

"கூடத்து நடுவுல."

"மழைக்கு நான் அண்டா வைக்கிற இடம்." ஹாஜிரா வானத்தைப் பார்த்தாள். மலைக்கோட்டைக்குப் பின்னால் ஐப்பசி மேகம் கறுத்திருந்தது. "அல்லா பார்த்துக்குவான்."

அதிகாரி வந்தபோது ரெங்கராஜ் பனியனோடு கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறந்ததே அந்தக் கட்டிலில்தான் என்பதுபோல ஒரு சோம்பல். மனுப் போட்டவள் என்பதால் ஹாஜிராவும் வாசல்படியில் நின்றாள்.

"இங்கயேதான் தூங்குறீங்களா?"

"மூணு மாசமா இதே கட்டில், இதே இடம் சார். முந்தாநாள் கொட்டின மழைக்குக்கூட நான் அசையலையே!"

"வீடு வசதியா இருக்கா?"

"அரண்மனை சார். இதைப்போய் ஒழுகுது, ஒழுகுதுன்னு மாசாமாசம் இந்தம்மா புகார் சொல்லும். வாடகையைக் குறைக்கத்தான், வேறென்ன?"

அதிகாரி எழுதிக்கொண்டார். ஓட்டின்மேல் சடசடவென்று மழை இறங்கியது. முதலில் ஒரு சொட்டு பேப்பரில் விழுந்தது. அடுத்தது ரெங்கராஜின் வழுக்கையில். பிறகு குழாயைத் திறந்துவிட்டதுபோல மெத்தை நடுவில் ஒரே ஊற்று.

துள்ளி எழுந்த ரெங்கராஜ், பக்கத்தில் அதிகாரி நிற்பதையே மறந்து, வாசலைப் பார்த்துக் கத்தினார்:

"ஏம்மா ஹாஜிரா, ஒழுகுறது இந்த இடத்துலதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"